'நியூஸ்நைட்'டுக்கு விழுந்த வெட்டு: பேச ஆள் இருக்கு, தேட ஆள் எங்கே?

1997 மே மாதம். பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் பிபிசி ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை ரத்து செய்வேன் என்று அவரை மிரட்டினீர்களா, இல்லையா? ஜெரமி பாக்ஸ்மன் கேட்கிறார். ஹோவர்ட் சுற்றி வளைக்கிறார். மறுபடியும் அதே கேள்வி. கிட்டத்தட்ட ஒரு டஜன் முறை! (அடுத்த வீடியோ ரெடியாகாததால்தான் இழுத்ததாக பாக்ஸ்மன் பிறகு சொன்னது தனிக்கதை.)

அதுதான் 'நியூஸ்நைட்'. 1980 முதல் பிபிசி டூ சேனலில் வரும் இரவு நிகழ்ச்சி. 2023-ல் இதற்கு வெட்டு விழப்போகுது என்ற பேச்சு முதலில் பத்திரிகைகளில்தான் கசிந்தது. நவம்பர் 29-ல் பிபிசியே அதை உறுதிப்படுத்தியது. 40 நிமிட நிகழ்ச்சி 30 நிமிடம் ஆகும். பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் போகும். தனி நிருபர் குழு கிடையாது. இனி பேட்டி, விவாதம், அலசல் மட்டும்.

பத்து நிமிஷம் குறைஞ்சா என்ன, பெரிய விஷயமா? நிமிஷம் இங்கே விஷயமே இல்லை. விவாதம் மலிவு. நாலு பேரைக் கூப்பிட்டு மைக் மாட்டிவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். ஒரு நிருபர் மூன்று மாதம் ஆவணங்களைத் தோண்டி, பேச பயப்படும் ஒருவரைச் சம்மதிக்க வைத்து, வக்கீலிடம் காட்டி, கடைசியில் 12 நிமிட வீடியோவாகக் கொடுப்பதற்குத்தான் செலவு ஆகும். அதில் பாதி முயற்சிகள் ஒளிபரப்பாகாமலே போகலாம். கணக்கு பார்ப்பவர் கண்ணுக்கு அது வீண்செலவாகத்தான் தெரியும்.

நெட்ஃப்ளிக்ஸில் 2024-ல் வந்த 'ஸ்கூப்' பார்த்தவர்களுக்கு இது புரியும். 2019-ல் இளவரசர் ஆண்ட்ரூவை எமிலி மைட்லிஸ் எடுத்த பேட்டி ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒளிபரப்பான நாலே நாளில் அவர் அரச கடமைகளிலிருந்து ஒதுங்கினார். ஆனால் அந்த நாற்காலி வரை அவரைக் கொண்டுவர தயாரிப்பாளர் சாம் மெக்அலிஸ்டர் பல மாதங்கள் அரண்மனையோடு பேச வேண்டியிருந்தது. 'பேட்டிதானே, அது தொடருமே' என்பவர்கள் இந்த மாதங்களை மறந்துவிடுகிறார்கள்.

நியூஸ்நைட் ஒன்றும் புனிதப் பசு இல்லை. ஜிம்மி சாவில் பற்றிய சொந்த விசாரணையை 2011-ல் இதே நிகழ்ச்சி கிடப்பில் போட்டது. அடுத்த ஆண்டு ஐடிவி அதை அம்பலப்படுத்தியது. அடுத்த மாதமே ஒரு மூத்த கன்சர்வேட்டிவ் பிரமுகர் மீது தவறான பழி விழ நியூஸ்நைட் காரணமானது. பதவியேற்று 54 நாட்களே ஆன பிபிசி தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில் ராஜினாமா செய்தார். தப்பு நடந்தது நிருபர்கள் அதிகமாக இருந்ததாலா? சரிபார்ப்பு சரியாக இல்லாததால். அதற்கும் ஆள்தான் வேணும்.

பிபிசி சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு 50 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம். லைசென்ஸ் கட்டணம் 2 ஆண்டுகள் 159 பவுண்டிலேயே உறைந்து கிடந்தது. அதே காலத்தில் பணவீக்கம் 11 சதவீதத்தைத் தாண்டியது. இரவில் டிவி முன்னால் உட்காரும் கூட்டமும் கரைகிறது. எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும். ஆனால் முதலில் வெட்டியது வேரை.

வெட்டிய விதமும் சரியில்லை. வேலை போகுமா என்பதை ஊழியர்கள் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை ஊடக நிறுவனத்துக்கு அழகல்ல. 2020 ஜனவரியில் விக்டோரியா டெர்பிஷைர் தன் பெயரிலேயே நடத்திய நிகழ்ச்சி நிறுத்தப்படுவதை 'தி டைம்ஸ்' பத்திரிகை மூலம்தான் அறிந்தார். பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம், நியூஸ்நைட்.

30 நிமிட நியூஸ்நைட் 2024-லேயே தொடங்கிவிட்டது. பிபிசியின் அரச சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது. லைசென்ஸ் கட்டணம் இப்படியே தொடருமா என்ற பேரத்தில், கலைத்த நிருபர் குழுவைத் திரும்பக் கேட்க யாராவது இருக்கிறார்களா?