லூட்டன் நகரத்து அடுப்பு

வேற்றூரில் குடியேறிய குடும்பங்களில் உடை முதலில் மாறும். பேச்சு அடுத்து மாறும். அடுப்பங்கரையோ எளிதில் மாறாது. பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லூட்டன் நகரில், வங்காளதேசத்துப் பெற்றோருக்கு 1984-இல் பிறந்த நாதியா ஹுசைன் என்னும் பெண்மணியின் வரலாற்றை இம்மாதம் எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

அவருடைய தந்தையார் உணவு விடுதி நடத்தியவர். வீட்டில் சோற்றுக்கும் குழம்புக்கும் குறைவில்லை. கேக் சுடும் வழக்கந்தான் இல்லை. ஆங்கிலேயர் இல்லங்களில் கேக் வேகும் ‘ஓவன்’ அடுப்பு, அன்னையாருக்கு வாணலிகளை அடுக்கிவைக்கும் அலமாரியாகவே பயன்பட்டது. கேக் சுடும் கலையைச் சிறுமி பள்ளியில் மனையியல் ஆசிரியையிடந்தான் கற்றார். (பிள்ளைகள் பள்ளியிலிருந்து கற்றுவருவதை, “அதெல்லாம் நம் வழக்கமில்லை” என்று கேளாமலே தள்ளிவிடும் பெரியவர்கள் நம்மிலும் உண்டு.)

இருபது வயதில் பெரியோர் நிச்சயித்த மணம். பின் மூன்று குழந்தைகள். இதனிடையே, திடீரென்று நெஞ்சை அடைக்கும் அச்ச நோய் வேறு அவரை நெடுங்காலமாய் வருத்தி வந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ போட்டியில் கலந்துகொள்ளும்படி தூண்டியவர் கணவரே. 2015-இல் அதன் இறுதிச் சுற்றை ஒரு கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர்.

அன்று அவர் செய்தது ஒரு திருமணக் கேக். வங்காளதேசத்தில் நடந்த தம் மணத்தில் அவருக்குக் கேக் வாய்க்கவில்லை. ஆகவே எலுமிச்சைச் சாறு ஊறிய அடுக்குக் கேக் ஒன்றைச் சுட்டு, பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீல வண்ணங்களில் சேலைத் துணியைச் சுற்றி, தம் மணநாள் நகைகளை அதற்கு அணிவித்தார். பரிசும் அவருக்கே கிடைத்தது. முக்காடிட்ட முஸ்லிம் பெண்ணுக்கு ஆங்கிலேயரின் பண்டத்தில் பரிசா என்று முணுமுணுத்தவர்களும் இல்லாமல் இல்லை. அந்தக் கேக்கைக் கண்ட பிறகும் முணுமுணுக்க என்ன இருந்ததோ, நாம் அறியோம்!

மறு ஆண்டு எலிசபெத் அரசியாரின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஆரஞ்சுக் கேக் செய்யும் பெருமை அவரைத் தேடி வந்தது. ஆயினும் நம் கருத்தில் அவர் எழுத்தாளரானதே பெரிது. ‘டைம்ஸ்’ பத்திரிகையின் வார இதழில் சமையல் பகுதி எழுதினார்; கதையும் சமையற் குறிப்பும் கலந்த சிறுவர் நூல்கள் எழுதினார்; நாவலும் எழுதினார். 2019-இல் தம் அச்ச நோயைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒளிவின்றிப் பேசினார். புகழ் வந்தபின் இத்தகைய நோயை மூடிவைப்பதே உலக வழக்கம். அரசியாருக்குக் கேக் செய்வதைவிட இதற்கே கூடுதலான நெஞ்சுரம் வேண்டும் என்போம்.

2025-இல், அவரைக் கொண்டு புதிய சமையல் தொடர் எடுக்கப்போவதில்லை எனப் பி.பி.சி. தெரிவித்துவிட்டது. பத்தாண்டுத் தொடர்பு அவ்வாறு முடிந்தது. அதே ஆண்டில் ‘ரூஸா’ என்ற அவருடைய நூல் வெளிவந்தது. அது நோன்பு மாதத்து உணவுகளைப் பற்றியது. பல நாடுகளின் முஸ்லிம் இல்லங்களில் சமைக்கப்படும் பண்டங்கள் அதில் உள்ளன.