அரிக்கமேட்டில் ஒரு நண்பகல்

ரோமாபுரியின் இடிபாடுகளைக் காண்போம் என்ற ஆசையுடன் பெரியகல்லாற்றிலிருந்து புறப்பட்ட நாம், புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டை ஒரு நண்பகலில் அடைந்தோம். மாந்தோப்பு, அப்பால் அரியாங்குப்பம் ஆறு, நடுவே பழைய செங்கற் சுவர்கள். ரோமர் மாளிகை இதுவேயென வியந்து நின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லமாம் அது! நமக்கு வெட்கமாயிற்று. மெய்யான பட்டினம் நம் காலடியில், மண்ணுக்குள்ளே கிடந்தது.

1945இல் மோர்ட்டிமர் வீலர் இங்கு அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரெத்தீன் எனும் செந்நிறக் கலங்களின் ஓடுகள் அகப்பட்டன. அவை வனையப்பட்ட காலம் ஐரோப்பாவில் முன்னரே தெளிவாயிருந்தமையால், அதே மண்ணடுக்கிற் கிடந்த நம்மவர் பானைகளுக்கும் வயது கூற வழி பிறந்தது. ரோமரின் வாணிக நிலையம் இதுவென்றார் வீலர். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழ்வோ, ரோமச் சரக்கு வந்திறங்கு முன்பே இங்கு ஊர் இருந்ததெனக் காட்டிற்று. மணி செய்தோரும், பானையிலே தமிழ்ப் பிராமியிற் பெயர் கீறினோரும் வாழ்ந்த ஊர். வாவிக்கும் கடலுக்கும் நடுவே பிறந்த நமக்கு அக்கழிமுகம் அந்நியமாய்த் தோன்றவில்லை.

ஆறு கரையை அரித்திருந்தது. உடன் வந்த சிறுவன் ஓர் ஓட்டை ஊருக்குக் கொண்டுபோக எடுத்தான். அடுக்கைவிட்டு அகன்றால் அதன் வயதும் அகன்றுவிடுமென்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்தோம்.