வெளுப்பதும் பதிப்பதும்

பழைய கிராமபோன் தட்டுகளை எண்ணியல் வடிவுக்கு மாற்றி, இரைச்சல் நீக்கி, இணையத்தில் ஏற்றுவோர் இன்று பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் எதிர்பாராத ஆர்வலர்கள். நூறாண்டுக்கு முற்பட்ட குரல்களை நாம் வீட்டிலிருந்தபடியே கேட்க முடிவது அவர்களால்தான். அந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் நம் குறையைச் சொல்ல வேண்டும். தட்டைச் செப்பனிடுவதை அவர்களுள் பலர் சலவை வேலையாகக் கருதுகிறார்கள். நாம் அதைப் பதிப்புப் பணி என்கிறோம். இது வெறும் சொற்சண்டையன்று. ஒரு குரல் நமக்குக் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

திருப்பூர்ப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குச் சலவையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னலாகி இறங்கும் பருத்தித் துணி பழுப்பேறித்தான் இருக்கும். சலவைப் பட்டறைக்குப் போய்வந்த பிறகே வெளுக்கும். மருந்தோ சூடோ அளவு மிஞ்சினால் வெண்மை கூடும், நூல் வலுவிழக்கும். பார்வைக்குப் பளிச்சென்றிருக்கும் துணி நான்காம் துவைப்பில் நைந்துபோகும். ஒலிக்கும் இதே கதைதான். இரைச்சலை முற்றாக நீக்கிய பதிவில் குரலின் இழைகளும் சேர்ந்தே போயிருக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? அக்காலத் தட்டின் மூலப்பொருள் அரக்கு. அதனோடு கற்பொடி போன்ற நிரப்புப் பொருள்களைக் கலந்து அழுத்தித் தட்டு வார்த்தார்கள். ஊசி அந்தத் துகள்களின்மீது உரசிச் செல்லும்போது எழுவதே 'ஸ்ஸ்' என்னும் ஓசை. 1925க்கு முன்பு ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு பெரிய கூம்பினுள் பாட, அந்த அதிர்வே மெழுகில் கோடு கிழித்தது. மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் அதில் ஏறவில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். இத்தனை நெருக்கடியைத் தாண்டித் தப்பிவந்தது சிறிதளவு ஒலியே. அந்தச் சிறிதளவிலும் ஒரு பகுதி இரைச்சலோடு பின்னிக் கிடக்கிறது. சுரங்களுக்கு இடையிலான இழைவு, மெய்யெழுத்துகளின் உரசல், மூச்சு, தம்புராவின் ரீங்காரம் எல்லாம் அந்தப் பின்னலுக்குள் இருப்பவையே. மென்பொருளுக்குச் சகரத்தின் ஒலியும் தட்டின் சீறலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நம் மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு குரலை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் தாயி (1872-1917) இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கிராமபோன் கம்பெனிக்காக ஏராளமான பாடல்களைப் பாடிப் பதிந்தவர். ராவேலின் மாணவரான மோரீஸ் தெலாழ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் பயணம் செய்தார். தாயியின் தட்டில் வள்ளலாரின் அருட்பாப் பாடலொன்றைக் கேட்டு, அதை அடியொற்றி 'ராகமாலிகா' என்ற பியானோப் படைப்பை எழுதினார். மத்தள ஒலியின் சாயலுக்காகப் பியானோவில் ஒரு சுரத்தை அட்டை வைத்து மழுக்கச் சொன்னார். 1914இல் பாரிஸில் அரங்கேறிய அவரது 'நான்கு இந்துக் கவிதைகள்' என்னும் படைப்பில் பெண்குரலுக்குத் துணையாக வரும் கருவிகளுள் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட தந்தி நால்வர் குழுவும் அடங்கும். அதன் செல்லோப் பகுதியில் இம்தாத் கானின் தட்டு ஒன்றின் தடம் இருப்பதாக இசையாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கொங்கு நாட்டு ஊர்ப்பெயர் பொறித்த ஓர் அரக்குத் தட்டு ஐரோப்பிய நவீன இசையின் காதில் விழுந்திருக்கிறது. அதே தட்டை இன்று நம் மாணவருள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. கேட்பவர் உண்மையில் கேட்பது தாயியின் குரலையா என்பதே இங்கு நம் கேள்வி.

ஏனெனில் வேகம் என்றொரு சிக்கல் இருக்கிறது. '78 சுழற்சித் தட்டு' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் 78இல் பதிவானவை அல்ல. சில எழுபதை ஒட்டியும் சில எண்பதைத் தாண்டியும் சுழன்றன. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை உயர்ந்துவிடும். 70 சுழற்சியில் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒரு கட்டை ஏறும், காலப்பிரமாணம் விரையும், கமகம் நடுக்கமாகும், முதிர்ந்த பெண்ணின் குரல் சிறுமியின் குரலாகிவிடும். 'அந்தக் காலத்துப் பாடகிகள் எட்டாத சுருதியில் பாடினார்கள்' என்ற வியப்புரைகளுக்குச் சான்றாகத் தட்டையே காட்டுவதுண்டு. அவர்கள் மெய்யாகவே உயர்ந்த சுருதியில் பாடியிருக்கலாம். ஆனால் எந்த வேகத்தில் ஓட்டினோம் என்று சொல்லாத ஒரு பதிவு அதற்குச் சான்றாகாது.

இவ்விடத்தில் ஐரோப்பியருக்கு உள்ள வசதி நமக்கில்லை. பாரிஸின் கப்பே நால்வர் குழு 1920களின் இறுதியில் பேத்தோவனின் நால்வர் இசையைத் தட்டுகளில் பதிந்தது. அவற்றைச் செப்பனிடுபவரின் மேசைமீது அச்சிட்ட இசைக்குறிப்பு இருக்கிறது. படைப்பு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டது என்பது முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடும். அக்கால வாத்தியச் சுருதியில் சிறு வேறுபாடுகள் இருப்பினும், தட்டு பெருமளவு விரைந்தாலோ தளர்ந்தாலோ பிடித்துவிடலாம். நம் இசையில் ஆதார சட்ஜம் பாடுபவரின் விருப்பம். கூட ஆர்மோனியம் ஒலித்தால் அதன் கட்டைகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஒரே அமர்வில் பதிவான தட்டுகளை ஒப்பிடலாம். மற்றபடி செப்பனிடுபவரின் செவியும் நேர்மையுமே துணை. ஆகவேதான் அவர் தம் முடிவையும் அதன் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்கிறோம்.

வீணை தனம்மாளின் (1867-1938) தட்டுகள் இன்னொரு பாடம். கொலம்பியா நிறுவனம் 1932இல் அவற்றைப் பதிந்தபோது அவருக்கு வயது 65. மின்முறைப் பதிவு வந்துவிட்ட காலம் என்பதால் அந்த மெல்லிய நாதம் நமக்குக் கிட்டியது. தட்டின் கீறலால் எழும் 'டக்' ஒலியை மென்பொருள் எப்படி அடையாளம் காண்கிறது? திடீரென்று எழுந்து உடனே அடங்கும் ஓசை என்ற இலக்கணத்தால். விரல் தந்தியை மீட்டும் கணத்திற்கும் அதே இலக்கணந்தான். கவனமின்றிக் கீறலை நீக்கினால் மீட்டும் மழுங்கிவிடும். பிறகு எஞ்சுவது தொடக்கமில்லாமல் மிதக்கும் ஒரு நாதம். கேட்க இனிமையாகவே இருக்கும், தனம்மாளின் விரல் மட்டும் அதில் இருக்காது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சிக்கலே அன்று. ஓலைச்சுவடியை அச்சேற்றியவர்கள் எதிர்கொண்டதும் இதுதான். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அடுத்த பாடலுக்கு அந்த எண்ணைக் கொடுத்து இடைவெளியை மூடிவிடும் வழக்கம் இல்லாததால், இன்றும் அந்த இரண்டு எண்களும் வெறுமையாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகள் சிதைந்தவையாகவே அச்சாகின. எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்பதும் பாடபேதமும் குறிக்கப்பட்டன. சுவடியில் செல்லரித்த இடத்தைத் தம் புலமையால் இட்டு நிரப்பிவிட்டு வாய்மூடி இருப்பவரைப் பதிப்பாசிரியர் என்று நாம் ஒப்புவோமா? ஒலிக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

'ஓயாத இரைச்சலோடு யார் கேட்பார்கள்? காதில் கருவி மாட்டிக் கேட்டுப் பழகிய இளைஞர்கள் பத்து நொடியில் அணைத்துவிடுவார்கள்' என்பார்கள். நியாயமான வாதம். மறுக்கவில்லை. மூலபாட ஆய்வுப் பதிப்பும் எளிய உரையோடு கூடிய மலிவுப் பதிப்பும் நூலுலகில் அருகருகே இருக்கின்றன அல்லவா? வெளுத்த வடிவம் கேட்போரை அழைத்துவரட்டும். கை வைக்காத வடிவமும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுக் கழகம் வகுத்துள்ள நெறியும் இதுவே: முதலில் எவ்வித வடிகட்டலுமின்றி உயர்தரத்தில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு மூலப்படியை எடுத்து வைத்துவிடு, மெருகேற்றுவதெல்லாம் அதன் நகலில்.

ஆர்வலர்களிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. தட்டின் எண், நிறுவனம், ஓட்டிய வேகம், எதை நீக்கினோம் என்ற குறிப்பு ஆகியவை நான்கு வரிகளில் அடங்கும். அக்காலப் பாடகர் சிலர் பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே சொல்வதுண்டு. 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை அமையும்வரை கிராமபோன் கம்பெனியின் இந்தியத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் வார்க்கப்பட்டன. பெயர்ச்சீட்டு ஒட்டுபவருக்கு அது அடையாளமாகப் பயன்பட்டது. இசைக்குத் தொடர்பில்லாதது என்று அதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டலாகாது. தன் பெயரைத் தன் வாயால் ஒரு பெண் கலைஞர் உலகுக்கு அறிவித்த கணம் அது. தட்டைத் துடைப்போருக்கு இன்னுமொரு வேண்டுகோள்: ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும்.

சட்டம் இதற்குத் தடையன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகளே. நாம் பேசும் தட்டுகள் அந்த எல்லையைக் கடந்து நெடுங்காலமாகிவிட்டது. முன்மாதிரிகளும் உண்டு. மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின்வழி ஓடியன், யங் இந்தியா தட்டுகளை எண்ணியல் வடிவில் காத்தார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளையும் பேணுகிறது.

நம் பகுதிக் கல்லூரிகளில் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஆண்டுதோறும் முன்பே எழுதப்பட்ட தலைப்புகளில் ஆய்வேடுகள் குவிகின்றன. கே.பி.சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி நமக்கு எட்டிய தொலைவில்தான் இருக்கிறது. அவிநாசி, காங்கயம், தாராபுரம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில் ஒரு தட்டுப் பெட்டியாவது இல்லாமலா போகும்? ஒரு மாணவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, வேகத்தை ஆய்ந்து, பாடத்தைக் கேட்டெழுதி, அச்சுப் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பேதம் காட்டினால் அது முழுமையான பதிப்பாய்வாகும். அரக்குத் தட்டு கைதவறினால் உடையும்; வீட்டை இடித்துக் கட்டும்போது குப்பையோடு போகும். சுவடிகளை ஆற்றில் விட்ட ஊர் நம்முடையது. அதற்காக இன்றுவரை வருந்துகிறோம். தட்டுகளின் பொருட்டும் நம் பிள்ளைகள் அப்படி வருந்த நேரக்கூடாது.