ஸ்பானிஷில் சட்டை போடுவது எப்படி?



ஸ்பானிஷ் படிக்கிற நமக்கு அடிக்கடி ஒரு அறிவுரை கிடைக்கிறது. "தமிழை மறந்துடு, இங்கிலீஷ்லயே யோசி, அப்பத்தான் ஈஸியா வரும்." நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று உடை விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

உடை அணிவதற்கு ஆங்கிலத்தின் 'வேர்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். ஸ்பானிஷில் அது போதாது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் செயலுக்கு 'பொனேர்ஸே'. போட்ட பிறகு அது உடம்பில் இருக்கும் நிலைக்கு 'யெவார்'. கழற்றுவதற்கு 'கித்தார்ஸே'. பட்டியலில் 'வேர் = யெவார்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், "சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டிய இடத்திலும் 'யெவார்' என்பார். கேட்கிறவர் முழிப்பார்!

இப்போது தமிழில் பாருங்கள். 'போட்டுக்கொள்கிறேன்' வேறு, 'போட்டிருக்கிறேன்' வேறு. இந்த வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். அதுமட்டுமா? 'பொனேர்' என்றால் வை, போடு என்று பொருள். அம்மா குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்டால் 'பொனேர்'. நாமே போட்டுக்கொண்டால் 'பொனேர்ஸே'. அந்த 'ஸே' செய்கிற வேலையை இங்கே நம்ம 'கொள்' செய்கிறது. இதை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆகும். தமிழ் வழியாக அரை நிமிடம்!

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'என் சட்டையைப் போட்டுக்கொண்டேன்' என்று 'என்' சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் 'மே பூஸே லா கமீஸா' என்றால் போதும், 'என்' வராது. நாமும் 'சட்டையைப் போட்டுக்கொண்டேன்' என்றுதானே சொல்கிறோம்? அடுத்த வீட்டுக்காரர் சட்டையையா போடப்போகிறோம்!

ஆங்கிலம் இழுத்துவிடும் பள்ளம் மற்றொன்று உண்டு. 'நீலச் சட்டை போட்டிருக்கிறேன்' என்பதற்கு ஸ்பானிஷில் 'யெவோ உனா கமீஸா அஸூல்' என்று சாதாரண நிகழ்காலமே சரி. ஆங்கிலத்தைப் பார்த்து 'எஸ்தோய் யெவாந்தோ' என்று சொன்னால், சட்டையை எங்கோ தூக்கிக்கொண்டு போவதுபோல் ஒலிக்கும். காரணம், 'யெவார்' என்பதன் அடிப்படைப் பொருளே எடுத்துச் செல்வது.

சரி, எந்த ஊர்க்காரரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்பெயினில் 'யெவார்' அதிகம். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் 'உஸார்' என்பார்கள். அதன் நேர்ப்பொருள் பயன்படுத்து. மெக்சிகோவில் 'த்ராயேர்' என்றும் கேட்கலாம். அதன் நேர்ப்பொருள் கொண்டுவா. ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஒரே பட்டியலுக்குள் அது அடங்குமா?

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'எஸ்த்ரெனார்'. ஒன்றை முதன்முதலாக அணிவது அல்லது பயன்படுத்துவது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்லாகச் சொல்வது கஷ்டம். தீபாவளிக்குப் புதுசு கட்டுகிற நமக்கு விளக்கமே வேண்டாம்! ஸ்பெயினிலும் குருத்தோலை ஞாயிறன்று ஏதாவது ஒன்றைப் புதிதாக அணிய வேண்டும், அணியாதவருக்குக் கையே இல்லை என்று ஒரு பழமொழி உண்டு.

அதற்காகத் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. நாம் வேட்டி கட்டுகிறோம், தொப்பி வைக்கிறோம், கண்ணாடி போடுகிறோம், செருப்பு மாட்டுகிறோம். பொருளுக்குப் பொருள் சொல் மாறுகிறது. ஸ்பானிஷில் இத்தனைக்கும் 'பொனேர்ஸே' ஒன்றே போதும். சென்ட் போட்டுக்கொள்வதற்கும் அதேதான்! செருப்பு, ஷூவுக்கு மட்டும் 'கல்ஸார்' என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. ஷூ சைஸ் சொல்லும்போது அது பயன்படும். ஆகவே ஆங்கிலப் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தமிழ்ப் பட்டியலை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை.

பிறகு என்னதான் செய்வது? பேசுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். போட்டுக்கொள்கிறாரா? போட்டிருக்கிறாரா? எந்த நாட்டுக்காரரிடம் சொல்கிறோம்? விடை தெரிந்தால் வினைச்சொல் தானாக வரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தொங்கும் சொல் சார்ட்டில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். புது மொழி படிப்பதற்கு வீட்டு மொழியை வாசலில் செருப்புபோலக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. அதையும் உள்ளே கூட்டிவந்தால் பாடம் சீக்கிரம் புரியும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த இதழில் எழுதுங்களேன்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு