ஃபார்மட் போடுவதற்கு முன்னால் பிளக் பாயிண்டைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

பார்ட்ஸ் வாங்கி வீட்டிலேயே கோத்த கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொன்னால், நம் ஊரில் மூன்று தீர்ப்பு தயாராக இருக்கிறது. கடைக்காரர், "வைரஸ் சார், ஃபார்மட் போட்டுரலாம்" என்பார். சொந்தக்காரர், "அசெம்பிள் செட்டுன்னாலே அப்படித்தான், அப்பவே சொன்னேம்லா" என்பார். காலேஜ் படிக்கிற பையன், "மதர்போர்டு போயிருக்கும் மாமா" என்பான். மூவரும் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். பிளக் மாட்டியிருக்கும் சுவர்ப் பக்கம் யாருடைய கண்ணும் போயிருக்காது.

காரணம் தெரியாமல் போடுகிற ஃபார்மட்டை நான் வைத்தியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அது சாட்சியை அழிக்கிற வேலை.

என்னிடம் படித்த ஒருவர் பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. அவருடைய கம்ப்யூட்டருக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை ஃபார்மட் போட்டார்கள். இரண்டாவது முறை டி டிரைவும் சேர்ந்து போனது. பதினோரு வருஷத்து டிசைன்கள். "போன வருஷ நோட்டீஸ்ல தேதியை மட்டும் மாத்திக் குடுங்க" என்று வந்த ஊர்க்காரர்களுக்கு, வரிதாரர் பெயர் முழுவதையும் மறுபடி டைப் அடித்தார் அந்த மனிதர். மூன்றாவது ஃபார்மட்டுக்குப் பிறகும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டியதும் நின்றுவிட்டது. கெட்டுப்போயிருந்தது, கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த காற்றாட்டம் இருந்த எஸ்எம்பிஎஸ். பதினோரு வருஷ உழைப்பை அழித்தவர்கள், அதைக் கழற்றிப் பார்க்க பத்து நிமிஷம் செலவழிக்கவில்லை.

இந்த வைரஸ் நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸும், 2004-ல் சாஸர் என்பதும் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் பண்ண வைத்தன. அந்த ஞாபகத்திலேயே இன்னும் வைத்தியம் நடக்கிறது. ஆனால் அவை திரையில் 60 வினாடி கவுண்ட்டவுன் காட்டிவிட்டுத்தான் அணைத்தன. சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று போகிற கம்ப்யூட்டரின் சங்கதி வேறு.

பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிறதா? பென்டிரைவில் லினக்ஸ் போட்டு ஓட்டினாலும் ஆகிறதா? மெம்டெஸ்ட் ஓடும்போது ஆகிறதா? அங்கெல்லாம் விண்டோஸே கிடையாது. இல்லாத விண்டோஸ் எப்படிக் குற்றவாளி ஆகும்? இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன். பாபநாசத்தில் 1944-லேயே தாமிரபரணித் தண்ணீரில் கரண்ட் எடுத்த மாவட்டம் இது. 2013-ல் கூடங்குளம் அணுமின்சாரமும் கிரிட்டில் சேர்ந்தது. இத்தனை பெருமை இருந்தும், எத்தனை வீட்டில் பிளக் பாயிண்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயர் இருக்கிறது? ஓட்டை இருக்கும், ஒயர் இருக்காது. இருந்தாலும் அது போய்ச் சேர்கிற எர்த் குழி எந்தக் காலத்திலோ காய்ந்திருக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதா? "லேசாத்தான் ஷாக் அடிக்கும், பழகிருச்சு" என்று சிரிக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகச் சொற்ப மின்சாரம் கசிந்து எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட் தகரத்தில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் தொங்கிக்கொண்டிருக்கும். கசிவு சின்னது என்பதால் இன்று விரல் கூசுவதோடு போகிறது. உள்ளே ஒரு ஒயர் உரசி நேரடியாகத் தகரத்தில் பட்டால், நாளைக்கு அதைத் தொடப்போவது வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின் பாயிண்டில் சொருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பிரம்பு எடுக்கத் தோன்றுகிறது.

அடுத்தது நொடிக்கும் குறைவான கரண்ட் கட். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி, கரண்ட் நின்றால் அது தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் சுமார் 16 மில்லி வினாடி. ஒரு சுற்றுகூடக் கிடையாது! மலிவான சரக்கில் அதுவும் இருக்காது. பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் போடும்போது லைட் மங்குகிறதா, அதே நேரம் கம்ப்யூட்டர் போகிறதா என்று கவனியுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீடுகளில் அதன் பின்புற சுவிட்ச் நார்மலில் இருந்தால், கரண்ட் மாறும் இடைவெளி கம்ப்யூட்டருக்குத் தாங்காது. யூபிஎஸ் மோடுக்கு மாற்றினாலே சில வீடுகளில் நோய் தீர்ந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கத்து வீடுகளில், நனைந்த பாயிண்டுகளை மாற்றாமல் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உள்ளே துரு ஏறிய பாயிண்ட் கரண்ட்டை விட்டு விட்டுத்தான் கொடுக்கும்.

பிறகு வெயில். சித்திரை, வைகாசியில் நாமே மத்தியானம் வெளியே போவதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் மர டேபிளின் மூடிய அறைக்குள் சுவரோடு ஒட்டித் தள்ளி வைக்கிறோம். ஃபேனில் ஒட்டடை, உள்ளே எறும்புப் புற்று, பிராசஸர் மேலே காய்ந்துபோன பேஸ்ட். சூடு எல்லை தாண்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துதான் போகும்.

ஆகவே பார்க்கவேண்டிய வரிசை இது. ஒரு நோட்டில் ரீஸ்டார்ட் ஆன நேரத்தையும், அப்போது என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். பாயிண்ட், ஒயர், ஸ்பைக் பஸ்டர் ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள். ரீசெட் பட்டன் உள்ளேயே சிக்கியிருக்கிறதா பாருங்கள். தூசி தட்டுங்கள். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரிக்குள் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். சாஃப்ட்வேர் கோளாறு என்றால் நீலத்திரை நின்று காரணம் சொல்லும். ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால், ஒழுங்காக அணையாமல் போனது என்றுதான் அதற்குப் பொருள். ஏன் என்று அது சொல்லாது. கடைசியில் இரவல் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

கெட்ட டிரைவரோ வைரஸோ இருந்தால் ஃபார்மட் உதவத்தான் செய்யும், மறுக்கவில்லை. அது வரிசையின் கடைசியில், பைல்களை எல்லாம் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகு வரவேண்டியது.

கடைக்காரரை மட்டும் திட்டி முடித்தால் நியாயமாகாது. ஃபார்மட் போட்டால் கேட்ட காசைக் கொடுக்கிறோம். ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சோதித்து, "பாயிண்டுதான் லூஸ், கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றால், "இதுக்கா காசு?" என்று கேட்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் எவன் கண்டுபிடிப்பான்? எதையாவது செய்து காட்டுகிறவன்தான் மெக்கானிக் என்று நாமே ஆக்கி வைத்திருக்கிறோம்.

என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓம் விதியைத் தப்பில்லாமல் எழுதி மார்க் வாங்கினீர்கள். அது உங்கள் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும், ஐயா. அடுத்த முறை யாராவது "ஃபார்மட் போட்டுரலாம்" என்றால், "என்ன காரணம்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுங்கள், கேட்ட கூலியையும் கொடுங்கள். பதில் இல்லாதவரிடமிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்றைக்கு ராத்திரியே கேபினெட்டில் விரல் கூசுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். கூசுகிறது என்றால், எர்த் சரியாகும் வரை அதில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள்.