ஊசிக்கு அஞ்சும் குழந்தையும் பேசும் கரடியும்

மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைக்கு மருந்து மட்டும் போதுமா? இந்தக் கேள்வி அண்மைக் காலங்களில் பொறியாளர்களையும் சிந்திக்க வைத்துள்ளது.

ஜப்பானில் தக்கனோரி ஷிபாட்டா 1993ல் தொடங்கிய ஆய்வின் பயனாகக் கடல்நாய்க் குட்டி வடிவில் 'பாரோ' என்ற ரோபோ உருவானது. தடவிக் கொடுத்தால் அது கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். 2009ல் அமெரிக்க அரசு அதனை மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது. விலையோ ஏறத்தாழ 6,000 டாலர்!

புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சிறார்க்கென 2018ல் அமெரிக்காவில் ஒரு வாத்துப் பொம்மை அறிமுகமானது. மகிழ்ச்சி, வருத்தம் போன்ற உணர்வுகளைக் குறிக்கும் வில்லைகள் அதனுடன் உண்டு. குழந்தை ஒரு வில்லையை வாத்தின் மார்பில் வைத்தால், வாத்து அந்த உணர்வை வெளிப்படுத்தும். தனக்கு மருந்து ஏற்றுவதுபோல வாத்துக்கும் ஏற்றி விளையாடலாம். ஊசியைப் பெற்றுக்கொள்ள மட்டுமே அறிந்த குழந்தை இங்கே மருத்துவராகிறது. அச்சம் குறைவதற்கு இது ஒரு வழி.

பாஸ்டன் நகரில், 3 முதல் 10 வயதுக்குட்பட்ட 54 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2019ல் வெளியானது. சிலருக்குச் சாதாரணக் கரடிப் பொம்மை, சிலருக்குத் திரையில் தோன்றும் கரடி, மற்றவர்களுக்குப் பேசும் ரோபோ கரடி தரப்பட்டன. ரோபோ கரடியோடு விளையாடியவர்கள், சாதாரணப் பொம்மை பெற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியை வெளிப்படுத்தினர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கரடி தானாகப் பேசவில்லை. மறைவில் இருந்த ஒரு மனிதரே அதனை இயக்கிப் பேசினார். குழந்தைக்குக் கிடைத்தது கருவியின் வழியாக வந்த ஒரு மனிதரின் நேரம்.

2025 சனவரி 28ல் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்ற ஆவணமும் இதையே எச்சரிக்கிறது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு உதவலாம். ஆனால் நோயாளருக்கும் அவரைப் பேணுவோருக்கும் இடையிலான உறவின் இடத்தை அது பிடித்தால், நோயின் தனிமை கூடும் என்கிறது.

நம் பகுதிக்கு வருவோம். பிளவக்கல் அணையடியில் வாழும் குடும்பம், குழந்தைக்கு நோய் முற்றினால் ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர், மதுரை என்று அலைய நேரிடுகிறது. வார்டில் தாய் கட்டிலருகே இருப்பார். அறுவை அரங்கின் கதவு மூடும்போது குழந்தை தனியாகிறது. அந்த நேரத்துக்கே பொம்மை தேவை.

அதற்கு இலட்சங்கள் வேண்டியதில்லை. இராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியின் தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. துவைக்கக்கூடிய துணியில், முகம் வரையாத ஒரு பொம்மையைத் தைத்துக் கொடுக்கலாம். முகத்தைக் குழந்தையே வரையட்டும், கட்டும் போடட்டும். தொற்று பரவாமலிருக்க ஒரு பொம்மை ஒரு குழந்தைக்கே உரியதாகி, வீட்டுக்கும் செல்ல வேண்டும். மருத்துவர், செவிலியரின் ஒப்புதலும் அவசியம்.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989லேயே கூறியது. இந்தியா 1992ல் அதனை ஏற்றது. நோயுற்றாலும் குழந்தை குழந்தைதான். நம் பங்குகளில் தைக்கத் தெரிந்த கைகள் உண்டு. பொம்மையைக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அருகில் அமர ஆள் உண்டா?