ஆடு விற்ற காசும் ஆடுகிற கோலும்

பழைய சாமான் வாங்குவது ஒரு கலை. அந்தக் கலையில் நான் தேர்ந்தவன் அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் பாதி விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். பளபளவென்று பச்சை வர்ணம்! அந்த வர்ணத்திலேயே மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் வாரம் மேம்பாலத்தில் ஏறும்போது தண்டு இரண்டாகப் பிளந்தது. வர்ணத்துக்கு அடியில் பற்றவைத்த ஒட்டு ஒன்று பத்திரமாக ஒளிந்திருந்தது.

இப்படிப்பட்ட அனுபவசாலியைத்தான் நைனார்பாளையத்திலிருந்து என் அக்கா அவசரமாக வரச் சொல்லியிருந்தாள்.

"உன் மருமகன் ஒரு குச்சி வாங்கப் போகிறானாம். ஒன்பதாயிரம் ரூபாயாம். அவன் ஆயா கிடாவை விற்றுப் பணம் கொடுத்துவிட்டாள். நீயே வந்து புத்தி சொல்லு."

ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குச்சியா? சந்தனமா, கருங்காலியா என்று யோசித்துக்கொண்டே சின்னசேலத்தில் இறங்கி நைனார்பாளையம் போய்ச் சேர்ந்தேன்.

திண்ணையில் இரண்டு நீண்ட பைகள் கிடந்தன. மருமகன் அவற்றைக் கோயில் நகையைத் திறப்பது போலத் திறந்து காட்டினான். இரண்டும் ஸ்னூக்கர் ஆடும் கோல்கள். ஆங்கிலத்தில் 'கியூ' என்பார்கள். அவன் சேலத்தில் படிக்கிறான். படிப்பு முடிந்த மாலைகளில் அங்கே ஒரு ஸ்னூக்கர் கூடத்தில் ஆடிப் பழகியிருக்கிறான். அடுத்த மாதம் ஒரு போட்டி. கூடத்துச் சுவரில் சாத்தியிருக்கும் பொதுக் கோல்களில் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கையில் கிடைத்ததை எடுத்து ஆடினால் கை எதற்குத்தான் பழகும்? நியாயமான பேச்சாகத்தான் இருந்தது.

கோல்களின் சொந்தக்காரர் வயதானவர். விரல் மூட்டுகளில் வலி வந்து ஆட்டத்தை விட்டுவிட்டார். "ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வாங்கிக்கொள்" என்று நம்பிக்கையின் பேரில் கொடுத்திருக்கிறார். ஒன்று கைப்பிடியில் வெள்ளையும் சிவப்புமாகச் சித்திர வேலை செய்தது, விலை ஒன்பதாயிரம். மற்றது எந்த அலங்காரமும் இல்லாத பழைய கோல், மூவாயிரத்து ஐந்நூறு. மருமகனின் கண் எதன்மேல் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

அக்காவின் கோபம் பணத்தோடு நிற்கவில்லை. "அந்தக் கூடத்தில் எப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்களோ! இது ஒரு விளையாட்டா?" என்றாள்.

"அப்படிச் சொல்லாதே அக்கா. இந்த ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி நெவில் சேம்பர்லேன் கண்டுபிடித்தது என்று சொல்கிறார்கள். 1882-ல் அதற்கு விதிகள் எழுதி மாட்டியது நம் உதகமண்டலத்துக் கிளப்பில். 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலகப் பட்டம் வாங்கினார். 2025-ல் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக ஸ்னூக்கர் பட்டமே வாங்கி வந்திருக்கிறாள்" என்றேன்.

"பெண்ணா?" என்றாள் அக்கா. கோபம் ஒரு படி இறங்கிற்று. "சரி, ஆடட்டும். ஆனால் இந்தக் கோலில் ஏமாந்து வந்தால் ஆட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆமாம்!"

இப்போது வழக்கு என்னிடம் வந்துவிட்டது. எனக்கோ பச்சைச் சைக்கிள் கண்முன் வந்து நின்றது. நல்ல வேளையாக ஒரு யோசனை தோன்றிற்று. கோல் என்பது என்ன? மரம்தானே! கள்ளக்குறிச்சிச் சீமையில் மரம் அறிந்தவர்களுக்கா பஞ்சம்? கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அல்லவா? கோயில் வாகனமும் சாமி சிலையும் செதுக்கும் ஆசாரி ஒருவரிடம் இருவரும் போனோம்.

பெரியவர் அந்த ஆட்டத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் கோலைக் கையில் வாங்கிய விதமே வேறு. முதலில் நடு மரையைத் திருகி இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒவ்வொரு பாதியையும் கண்ணுக்கு நேரே பிடித்து, மெதுவாக உருட்டிக்கொண்டே நீளவாக்கில் பார்த்தார்.

"ஐயா, கடையில் மேஜைமேல் உருட்டித்தான் பார்ப்பாங்க" என்றான் மருமகன்.

"உருட்டலாம் தம்பி. ஆனா இது அடி பெருத்து நுனி சிறுத்த மரம். கீழே சந்து தெரியத்தான் செய்யும். அந்தச் சந்து உருளும்போது கூடிக் குறையுதான்னு பார்க்கணும். ஒரே அளவா இருந்தா நேர். நுனி எம்பி எம்பிக் குதிச்சா கோட்டம். முழுசா மாட்டி உருட்டினா கோட்டம் மரத்துலயா, மூட்டுலயான்னு தெரியாது. பிரிச்சுத்தான் பார்க்கணும்."

அடுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் நீள நெடுகத் தடவினார். பள்ளம் இருந்தால் நகம் சொல்லிவிடுமாம். சின்னப் பள்ளம் என்றால் ஈரத் துணியைப் போட்டு வெதுவெதுப்பாகச் சூடு காட்டினால் நார் எழும்பிவிடும் என்றார். ஆனால் உப்புத்தாள் போட்டு இழைத்து இழைத்து நடுவில் இளைத்துப்போன மரத்துக்கு வைத்தியமே கிடையாதாம்.

பிறகு கோலை மாட்டி, இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, விரல் மொட்டால் தட்டினார். பழைய கோல் 'டங்' என்று ஒரே சுரமாகப் பேசிற்று. சித்திரக் கோல் தட்டின சத்தத்தோடு 'ஜிர்' என்று ஒரு முணுமுணுப்பையும் சேர்த்துக்கொண்டது.

"இதுக்குள்ள ஏதோ ஆடுது. கைப்பிடிக்குள்ள எடைக்காக ஆணி வெச்சிருந்தா அது தளர்ந்திருக்கும், முறுக்கிடலாம். ஆனா..." என்று சொல்லி, மரைக்குச் சற்று மேலே வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வார்னிஷுக்கு அடியில் தலைமயிர் போல் ஒரு கோடு! பசை வைத்து மூடிய விரிசல். எனக்கு மேம்பாலம் நினைவுக்கு வந்தது. மருமகன் முகம் வாடிவிட்டது.

"மத்ததுல குறையே இல்லையா ஐயா?"

"இருக்கே. முன் பாதியில நூலளவு கோட்டம் இருக்கு. சுவத்துல சாத்தியே வெச்சிருந்திருப்பாங்க. ஆனா ரேகை நுனி வரைக்கும் நேரா ஓடுது. மரம் உடையல. என் கண்ணுக்கு மரம்தான் தெரியும் தம்பி. அது எப்படி ஆடும்னு ஆடித்தான் பார்க்கணும்."

எவ்வளவு உண்மையான பேச்சு! மறுநாள் ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

கூடத்தில் மருமகன் எடுத்த எடுப்பிலே சித்திரக் கோலைத் தூக்கினான். நான் தடுத்துவிட்டேன். "முதலில் நீ தினம் ஆடும் பொதுக் கோலை எடு. உன் கையின் பிழை எது, கோலின் பிழை எது என்று தெரிய வேண்டாமா?" இந்த ஒரு யோசனை மட்டும் என் சொந்தம்.

வெள்ளைப் பந்தை மேஜையின் ஒரு கோடியில் வைத்து, நட்ட நடுவில் அடித்து, எதிர்ச் சுவரில் மோதித் திரும்பிக் கோலின் நுனிக்கே வந்து சேரும்படி பத்துத் தடவை அடித்தான். பொதுக் கோலில் ஆறு தடவை வந்து சேர்ந்தது. சித்திரக் கோலிலும் ஆறு. பழைய கோலில் நான்கே நான்கு. அதிலும் ஒரு தடவை நுனி வழுக்கிப் பந்து எங்கேயோ ஓடிற்று.

"பார்த்தீங்களா மாமா!" என்றான்.

கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் சிரித்தார். பழைய கோலின் தோல் நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல் போல இறுகி, கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தது. சாக்குக் கட்டியைத் தேய்த்தாலும் ஒட்டவில்லை. "இது கோலின் குற்றம் இல்லை, செருப்பின் குற்றம்!" என்றார் அவர். கோலின் நுனியில் தோல் வைக்கும் வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர். அந்தத் துளித் தோல் வந்த பிறகே பந்தைச் சுழலவிட்டு அடிக்க முடிந்தது. பழைய கோலை மதிப்பிடும்போது தோலின் குறையை மரத்தின் தலையில் கட்டக்கூடாது. தோல் மாற்றச் சில நூறு ரூபாய் போதும். மரத்தை மாற்ற முடியாது.

சொந்தக்காரரைப் போனில் கேட்டு அனுமதி வாங்கிப் புதுத் தோல் ஒட்டினோம். பசை காய்வதற்குள் இரண்டு டீ ஆயிற்று. மறுபடி பத்து அடி. இந்தத் தடவை ஏழு!

இனிமேல்தான் பெரிய பரீட்சை. பந்தின் நடுவில் அடித்தால் எல்லாக் கோலும் நல்ல கோல்தான். வலப் பக்கமாக அடித்துச் சுழலவிடும்போது பந்து குறி வைத்த கோட்டில் போகாமல் கொஞ்சம் இடப் பக்கம் விலகும். இடப் பக்கம் அடித்தால் வலப் பக்கம் விலகும். எவ்வளவு விலகும் என்பது கோலுக்குக் கோல் வேறு. நுனிப் பகுதி கனமாக இருந்தால் விலகல் அதிகம். இலேசாக இருந்தால் குறைவு. இதை அறிய ஒரு வழி உண்டு. கூடத்துக்காரர்தான் செய்து காட்டினார்.

வெள்ளைப் பந்துக்கு நேர் எதிரே மூன்றடி தூரத்தில் ஒரு சிவப்புப் பந்து. முன் கையை மேஜையில் ஊன்றி, சிவப்பின் நடுவுக்கு நேராகக் குறி பார்க்க வேண்டும். இப்போது முன் கையை அசைக்காமல், பின் கையை மட்டும் இலேசாக இடப் பக்கம் நகர்த்த வேண்டும். கோலின் நுனி வெள்ளையின் வலப் பக்கத்துக்கு வரும். கோலும் சற்று வலப் பக்கம் பார்க்கும். அப்படியே அடித்துவிட வேண்டும், மெதுவாக அல்ல, நல்ல வேகத்தில். கோல் வலப் பக்கம் தள்ளுகிறது. சுழலடி இடப் பக்கம் விலக்குகிறது. இரண்டும் சரிக்குச் சரி ஆனால் வெள்ளை நேரே போய்ச் சிவப்பை நடுவில் அடிக்கும். வலப் பக்கம் போனால் ஊன்றிய கை பந்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். இடப் பக்கம் போனால் கை மிகத் தள்ளி இருக்கிறது. கையை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தால், ஒவ்வொரு கோலுக்கும் 'இந்தத் தூரம்தான்' என்று ஓர் இடம் அகப்படும். அந்த இடம் ஆடுகிறவன் வழக்கமாகக் கை ஊன்றும் இடமாகவே இருந்துவிட்டால், கோலும் ஆளும் பொருத்தம் என்று அர்த்தம். ஜாதகப் பொருத்தம் போலத்தான்!

மருமகன் சாதாரணமாகக் கை ஊன்றுவது பந்திலிருந்து ஒரு சாணும் நாலு விரலும். சித்திரக் கோலில் அங்கே கை வைத்து அடித்தால் பந்து ஒவ்வொரு தடவையும் இடப் பக்கம் விலகிற்று. கையை ஒரு சாணுக்கும் குறைவாகக் கொண்டுவந்த பிறகே நேரே போயிற்று. காரணம், யாரோ நுனியில் தடித்த பித்தளைப் பூண் போட்டிருந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் நுனிக்குப் பாரம். பழைய கோலிலோ அவன் வழக்கமான இடத்திலேயே கை ஊன்றி அடித்தான். சிவப்பு நூல் பிடித்தாற்போல் போய்க் குழியில் விழுந்தது. மறுபடி அடித்தான், மறுபடி விழுந்தது. இடப் பக்கச் சுழலடி கொடுத்தும் பார்த்தான், அப்போதும் விழுந்தது. அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"கோட்டம் இருக்கே மாமா?"

அதற்கும் கூடத்துக்காரரிடம் விடை இருந்தது. கோலின் மேல்பக்கத்தில் மர ரேகை அம்பு முனைகள் போல் அடுக்கடுக்காகத் தெரியும். ஆடுகிறவர்கள் அந்த அம்பு முனை எப்போதும் மேலே இருக்கும்படிதான் பிடிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகப் பிடித்தால் நூலளவு கோட்டம் கைக்குப் பழகிவிடும். ஆனால் தளர்ந்த மூட்டும் விரிந்த மரமும் ஒரு நாளும் பழகாது. இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி.

ஸ்டீபன் ஹென்ட்ரியின் கதையை நான் அவனுக்குச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்காரர், 1990 முதல் 1999 வரை ஏழு தடவை உலகப் பட்டம் வென்றவர். ஏழையும் வென்று கொடுத்தது சிறுவயதில் சுமார் 40 பவுனுக்கு வாங்கிய சாதாரணக் கோல். 2003-ல் விமானப் பயணத்தில் அது ஒடிந்துபோனது. ஆனாலும் அதே ஆண்டு வேறு கோலை வைத்துப் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றார். நல்ல கோல் வேண்டியதுதான். ஆனால் விலைக்கும் நன்மைக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

சித்திரக் கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது விரிசலையும் காட்டினோம். பெரியவர் திகைத்துப்போனார். அவரும் அதைப் பழையதாகத்தான் வாங்கினாராம்! "நல்ல வேளை, உன்னிடம் தள்ளிவிட்ட பாவம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, பழைய கோலுக்கு நாங்கள் போட்ட புதுத் தோலின் காசையும் விலையில் கழித்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் மருமகன் மிச்சப் பணத்தை அப்படியே ஆயாவின் கையில் வைத்தான். ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். "ஒரு பெட்டைக் குட்டி வாங்கிக்க ஆயா" என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காபி வழக்கத்தைவிடத் திக்காக இருந்தது.

ஆயா கோலை வாங்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு நேரே பிடித்து, உருட்டி உருட்டிப் பார்த்தாள். நான் ஆச்சரியத்தோடு, "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா? அறுபது வருஷமா ஆடு ஓட்டறதுக்கு இப்படிப் பார்த்துத்தானே குச்சி வெட்டறேன்" என்றாள்.

ஆசாரியிடமும் சேலத்துக்கும் போவதற்கு முன்னால் திண்ணையிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!